ஒரு டிராயிங் மாஸ்டரின் கோடு: கரியில் உருவம் வரைந்த 12 ஞாயிறுகள்

பின்னணி

சென்னையில் ஒரு மொட்டைமாடிக் கொட்டகையில் ஞாயிறுதோறும் காலை 7 மணியிலிருந்து 10 மணிவரை மனித உருவம் வரையும் வகுப்பு நடத்துகிறேன். பத்துப் பேருக்கு மேல் இடமில்லை. மாடல் உடையோடுதான் நிற்பார், அல்லது உட்காருவார். தாள் நியூஸ்பிரிண்ட், கருவி சார்க்கோல் என்கிற கரிக்குச்சி. ரப்பர் கிடையாது, ஒரு பழைய வேட்டித் துணி மட்டும்.

இங்கே பதிவு செய்வது அந்த வகுப்புக்கு 12 வாரம் வந்த ஒருவரைப் பற்றி. வயது 47, பள்ளியில் டிராயிங் மாஸ்டர். அரசு ஓவியத் தேர்வுகளான லோயர், ஹையர் இரண்டும் முடித்து, டி.டி.சி. என்கிற ஆசிரியர் சான்றிதழ் படித்து வேலைக்கு வந்தவர். இருபது வருஷத்துக்கு மேலாக அதே லோயர், ஹையர் தேர்வுகளுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்கிறார். அதில் ஃப்ரீஹேண்ட் அவுட்லைன் என்கிற தேர்வை எழுதியவர்களுக்கு நான் மேலே விளக்க வேண்டியதில்லை. நடுவில் ஒரு செங்குத்துக் கோடு, இரண்டு பக்கமும் ஒன்றுபோல் வளைந்து வரும் ஜாடியோ கொடியோ, கடைசியில் எல்லாவற்றையும் சுற்றி ஒரே கனத்தில் ஒரு மெல்லிய கோடு. அந்தக் கோட்டை அவர் போடும் அழகை நின்று பார்க்கலாம்.

அவர் வந்த காரணம் இது. அவரிடம் படித்து இப்போது கவின்கலைக் கல்லூரியில் சேர்ந்திருக்கும் ஒரு பையன் லீவுக்கு வந்தபோது, "சார், உங்க லைன் கம்பி மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டான். பையன் மரியாதையாகத்தான் சொன்னானாம். "அதுலேர்ந்து தூக்கம் வரல சார். கம்பி இல்லாத லைன் எப்படி இருக்கும்னு பாத்துட்டுப் போயிடறேன்" என்றார்.

அவர் என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். நான் அவரைச் சார் என்றேன், அவரும் என்னைச் சார் என்றார். இதனால் ஒரு சிக்கல் வந்தது. மற்றவர்கள் தாளில் நான் சட்டென்று ஒரு கோடு போட்டுக் காட்டிவிடுவேன். அவர் தாளைத் தொட கடைசிவரை கை வரவில்லை.

முதல் இரண்டு வாரம் கண்டது

மாடல், அறுபது வயதைத் தாண்டிய ஒரு பெரியவர். காய்கறி மார்க்கெட்டில் முப்பது வருஷம் மூட்டை தூக்கியவர். வேட்டியை மடித்துக் கட்டி, வலது காலில் பாரம் போட்டு, இடது காலைத் தளர்த்தி நின்றார்.

மாஸ்டர் வில்லோ மரக் குச்சியைச் சுட்ட சார்க்கோலை உப்புத்தாளில் தேய்த்து ஊசி முனையாக்கிக் கொண்டார். பேனா பிடிப்பதுபோல் பிடித்தார். கைக்குட்டையை நாலாக மடித்து உள்ளங்கைக்குக் கீழே வைத்துக்கொண்டார், தாளில் கரி ஈஷிவிடக் கூடாதாம். மணிக்கட்டு பலகையில் ஊன்றியே இருந்தது. தலையில் தொடங்கி இறங்கி, 40 நிமிஷத்தில் பாதத்துக்கு வந்தார்.

அளவு பிசகவில்லை. உயரம் ஏழரைத் தலை என்கிற கணக்கு, தோள் அகலம், முழங்கை வரும் இடம், எல்லாம் சரி. ஆனாலும் படத்தில் இருந்த பெரியவர் தரையில் நிற்கவில்லை. சட்டை மாட்டும் கொக்கியில் தொங்குகிற மாதிரி இருந்தார். காது மடலுக்குப் போட்ட கோடும் குதிகாலுக்குப் போட்ட கோடும் ஒரே கனம். உடம்பில் எது சுமக்கிறது, எது சும்மா தொங்குகிறது என்று அந்தக் கோட்டைக் கேட்டால் பதில் வராது.

கரியைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். காற்றுப் புகாமல் குச்சியைச் சுட்டு எடுப்பதுதான் இது. பென்சிலில் இருப்பதுபோல் களிமண் சேர்மானம் கிடையாது. தாளின் சொரசொரப்பில் பொடி ஒட்டிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். விரலில் குச்சியைக் கொஞ்சம் திருப்பினால் நூல் பட்டையாகிவிடும். ஒரு பங்கு அழுத்தம் கூடினால் சாம்பல் நிறம் கறுப்பாகிவிடும். கையின் அழுத்தம் அப்படியே தாளில் தெரிவதுதான் கரியின் சிறப்பு. மாஸ்டர் ஊசி முனையும் கைக்குட்டையும் வைத்து அடக்கிக்கொண்டிருந்தது சரியாக அதைத்தான்.

முதல் முடிவும் அது போன போக்கும்

மூன்றாம் வாரம் நான் எடுத்த முடிவு, ஆளைப் பார்த்து வரையும் எந்த லைஃப் வகுப்பிலும் எடுக்கிற முடிவு. ஒரு நிமிஷப் போஸ், அரை நிமிஷப் போஸ். நியூயார்க்கில் கிமோன் நிகோலைடஸ் என்கிற ஓவிய ஆசிரியர் 1930களில் சொல்லிக்கொடுத்த முறை இது. ஆள் எப்படி இருக்கிறார் என்பதை விட்டுவிட்டு, என்ன செய்துகொண்டிருக்கிறார் என்பதை வரை என்பார். நேரம் குறைந்தால் மணிக்கட்டு பலகையை விட்டு எழும்பும், கோடு தானாக உயிர் பெறும் என்று நினைத்தேன். "பயப்படாம, கை போற போக்குல விடுங்க சார்" என்றும் சொல்லிவைத்தேன். இந்த வாக்கியத்துக்கு இன்றுவரை வருத்தப்படுகிறேன்.

அந்த வாரம் அவர் ஆறு தாளைக் கிழித்துப் போட்டார். நான்காம் வாரம் வந்தபோது ஆளே மாறியிருந்தார். வீட்டில் பயிற்சி செய்திருக்கிறார். தாள் முழுக்கத் தடித்தும் மெலிந்தும் சுழன்றும் ஓடும் கோடுகள். சுற்றி இருந்தவர்கள் "சூப்பர் சார்" என்றார்கள். நானும் சொன்னேன்.

வகுப்பு முடிந்து அந்தத் தாள்களைப் படம் எடுத்து வைத்திருந்தேன். ராத்திரி நிதானமாகப் பார்த்தபோது ஒன்று உறுத்தியது. எல்லா உருவத்திலும் இடது பக்க வெளிக்கோடு தடிப்பு, வலது பக்கம் மெலிவு. பெரியவர் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தாலும் இதே கதை. வளைவு திரும்பும் இடத்தில் எல்லாம் ஒரே மாதிரி ஒரு சுழிப்பு. கொடி வரைந்து பழகிய கை, உடம்பையும் கொடியாக்கியிருந்தது. முன்னால் கம்பி, இப்போது பூவேலை. இரண்டுக்கும் பெரியவரோடு சம்பந்தம் இல்லை.

சரிபார்க்க ஒரு சோதனை வைத்தேன். நின்ற போஸ்களில் 20 படத்தை எடுத்து, அன்று வகுப்புக்கு வராத இரண்டு நண்பர்களிடம் காட்டி ஒரே கேள்வி கேட்டேன்: இவர் எந்தக் காலில் நிற்கிறார்? இருவரும் தயங்காமல் சரியாகச் சொன்னது 7 படத்துக்கு. வகுப்பில் கைதட்டு வாங்கிய படம் அந்த ஏழில் இல்லை.

தவறு என்னுடையது என்று அப்போதுதான் புரிந்தது. கோடு ஏன் ஓரிடத்தில் அழுந்த வேண்டும் என்று நான் அவருக்குச் சொல்லவே இல்லை. சுதந்திரமாக விடுங்கள் என்று மட்டும் சொன்னேன். சுதந்திரமாக விட்டால் கை தனக்குத் தெரிந்ததைத்தானே செய்யும்.

சிப்பமும் தூக்குக்குண்டும்

ஐந்தாம் வாரம் 25 கிலோ அரிசிச் சிப்பம் ஒன்றை மாடிக்கு ஏற்றி வைத்தேன். வரைவதற்கு முன்னால் ஒவ்வொருவரும் அதைத் தோளில் வைத்து இரண்டு நிமிஷம் நிற்க வேண்டும். எப்படி நிற்பது என்று சொல்லிக்கொடுக்கும்படி பெரியவரிடமே கேட்டுக்கொண்டேன். அவர் துண்டைச் சுருட்டிச் சும்மாடு கட்டினார். முழங்காலை எங்கே பூட்ட வேண்டும், இடுப்பை எந்தப் பக்கம் தள்ள வேண்டும், மூச்சை எப்போது பிடிக்க வேண்டும் என்று காட்டினார். மாஸ்டர் தோளை இறுக்கிக்கொண்டு நின்றபோது பெரியவர் சொன்னது: "தோள்ல இல்ல சார் மூட்டை. குதிகால்ல இருக்கு. அங்க போயி நில்லுங்க."

அதுக்கப்புறம் நான் கொடுத்த விதி ஒன்றுதான். உங்கள் உடம்பில் எங்கே அழுந்தியதோ, அங்கே மட்டும் கரியை அழுத்துங்கள். பாதத்தின் அடி, பாரம் தாங்கும் இடுப்பின் பக்கம், வயிறு மடிகிற இடம், சும்மாட்டின் கீழே கழுத்து. மற்ற இடத்தில் கரி தாளை வருடிக்கொண்டு போனால் போதும். இழுபட்ட பக்கத்துக்கு நீளமான ஒரே கோடு, மடிந்த பக்கத்துக்குக் குட்டையாக முறிந்த கோடுகள்.

கூடவே ஒரு கொத்தனார் தூக்குக்குண்டை மாடலுக்கு முன்னால் தொங்கவிட்டேன். ஒற்றைக் காலில் பாரம் போட்டு நிற்கும் ஆளின் தொண்டைக் குழியிலிருந்து நூல் விட்டால், அது அந்தக் காலின் கணுக்கால் பக்கம் வந்து விழும். நம் ஸ்தபதிகள் பிரம்மசூத்திரம் என்கிற நடுநூலை வைத்துத்தான் உடம்பின் பங்கங்களை, அதாவது வளைந்து நிற்கும் விதங்களைப் பிரிக்கிறார்கள். சமபங்கத்தில் உடம்பு நூலின் இரண்டு பக்கமும் சமம். திரிபங்கத்தில் தலை ஒரு பக்கம், இடுப்பு இன்னொரு பக்கம் என்று மூன்று இடத்தில் ஒடிகிறது.

நான் எதிர்பார்க்காத ஒன்று இங்கே நடந்தது. தூக்குக்குண்டைப் பார்த்ததும் மாஸ்டர் முகம் மலர்ந்துவிட்டது. "இது நம்ம சென்டர் லைன் சார்!" ஆமாம், அதேதான். ஜாடிக்கு நடுவில் இருபது வருஷமாகப் போட்ட கோடு. வித்தியாசம், ஜாடியில் இரண்டு பக்கமும் ஒன்றாக வர வேண்டும், உடம்பில் இரண்டு பக்கமும் ஏன் ஒன்றாக வரவில்லை என்று பார்க்க வேண்டும். அவருடைய தேர்வுப் பழக்கத்தை நான் நான்கு வாரமாக ஒழிக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் பாதி கைப்பிடியாகவே உதவியது.

அதே வாரம் ஒரு பிசகும் செய்தேன். அழுத்தம் நன்றாகத் தெரியட்டும் என்று கம்ப்ரெஸ்ட் சார்க்கோல் கொடுத்தேன். அது கரிப்பொடியைப் பிசினோடு சேர்த்து அழுத்திய குச்சி. கறுப்பு அபாரமாக இருக்கும், ஆனால் துணியால் தட்டினால் போகாது. ஒரு கோடு தவறினால் மாஸ்டர் அங்கேயே சிக்கிக்கொண்டு அதைச் சுற்றியே தேய்க்க ஆரம்பித்தார். ஆறாம் வாரம் பழையபடி வில்லோவுக்கே திரும்பினோம்.

பார்த்த படங்கள்

ஆறாம் வாரம் ஜெர்மன் ஓவியர் கேதே கோல்விட்ஸ் 1933இல் கரியில் வரைந்த தன்னுருவப் படத்தின் அச்சு ஒன்றைக் கொண்டுபோனேன். பக்கவாட்டில் அவர் முகம், பலகையில் வரைந்துகொண்டிருக்கும் கை. முகமும் விரல்களும் நிதானமாக வரையப்பட்டிருக்கும். இரண்டுக்கும் நடுவில் தோளிலிருந்து மணிக்கட்டுவரை கை என்று ஒன்று கிடையாது. கரியை அகலமாகப் பிடித்து முன்னும் பின்னும் இழுத்த ஒரு நெளிவு மட்டும். மாஸ்டர் அதை ரொம்ப நேரம் பார்த்தார். "கையை வரையல. கை செய்யற வேலைய வரைஞ்சிருக்காங்க" என்றார். வகுப்பில் அன்று நான் சொன்ன எதையும்விட அது உருப்படியான பேச்சு.

அடுத்த வாரம் அவரே ஒரு பழைய பத்திரிகைக் கத்தரிப்பைக் கொண்டுவந்தார். காந்தி நூற்றாண்டான 1969இல் ஓவியர் கே.எம். ஆதிமூலம் வரைந்த காந்தி கோட்டோவியங்களில் ஒன்று. இருபது வயதிலிருந்தே வைத்திருக்கிறாராம். "இதை ஸ்டைல்னு நினைச்சிட்டிருந்தேன்" என்றார். அன்று காலை முழுக்க வரையாமல், அந்தப் படத்தில் கோடு எங்கே அடர்கிறது, எங்கே விலகுகிறது என்று விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

மூங்கில் கழியையும் அந்த வாரம் முயன்று பார்த்தோம். பிரான்ஸில் வான்ஸ் தேவாலயத்து வேலையின்போது ஓவியர் மத்தீஸ் நீண்ட மூங்கிலின் முனையில் கரியைக் கட்டிக்கொண்டு வரைந்தார். நாங்கள் மூன்றடிக் கழியில் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினோம். மற்றவர்களுக்கு நல்ல விளையாட்டாக இருந்தது. மாஸ்டருக்கு ஒன்றும் ஆகவில்லை. விட்டுவிட்டோம்.

எட்டாம் வாரம்

பெரியவர் மூட்டையை இறக்கிவிட்டு, கவிழ்த்துப் போட்ட பிளாஸ்டிக் டிரேயில் உட்கார்ந்திருக்கும் போஸ். 25 நிமிஷம். இடது கை முழங்காலில் ஊன்றியிருந்தது, உடம்பு அந்தப் பக்கம் சாய்ந்திருந்தது.

மாஸ்டர் தலையில் தொடங்கவில்லை. டிரேயில் தொடை அழுந்தும் இடத்தில் குச்சியைப் படுக்கவைத்து ஒரு பட்டை இழுத்தார். கைக்குட்டை சட்டைப் பையிலேயே இருந்தது. அங்கிருந்து முதுகுக்கு ஏறினார். அக்குளிலிருந்து இடுப்புவரை வந்த ஒரு கோட்டை இன்னும் என்னால் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியும். மெல்லிசாகத் தொடங்கி, விலா எலும்பில் வெயில் பட்ட இடத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு இல்லாமலே போய், கீழே மறுபடி பிறந்து, வயிற்று மடிப்பில் நுழையும்போது குச்சி ஒடியும் அளவுக்குக் கறுத்தது. உண்மையிலேயே குச்சி ஒடிந்தது. ஒடிந்த துண்டோடு அவர் தொடர்ந்தார். வலது முழங்காலை முதலில் தவறான இடத்தில் போட்டு, துணியால் தட்டி, பக்கத்தில் மறுபடி போட்டார். தட்டிய கோட்டின் சாம்பல் நிழல் அப்படியே நின்றது. கால் சற்று முன்பு நகர்ந்த மாதிரி ஒரு பிரமை.

டீ இடைவேளையில் பெரியவர் தாள்களைப் பார்த்துக்கொண்டே வந்தவர் அந்தப் படத்தில் நின்றார். வலது பாதத்தைக் காட்டி, "இந்தக் காலுதான் எனக்குத் தகராறு. சாருக்கு யார் சொன்னது?" என்று கேட்டார். யாரும் சொல்லவில்லை. அந்தப் பாதம் தரையை அழுத்தவே இல்லை என்று மாஸ்டர் பார்த்திருக்கிறார், கோட்டை அங்கே லேசாக விட்டிருக்கிறார். எனக்கே அது கண்ணில் படவில்லை, எட்டு வாரமாகப் பார்க்கிறேன்.

அந்தப் படம் இப்போது இல்லை. கரி உதிராமல் இருக்க அடிக்கும் ஃபிக்சடிவ் தீர்ந்துபோயிருந்ததால் ஹேர் ஸ்பிரே அடித்துத் தருகிறேன் என்று வாங்கி, தாளை நிமிர்த்திப் பிடித்து, ஒரு சாண் தூரத்தில் அடித்துவிட்டேன். துளி துளியாக விழுந்து வழிந்தது. முழங்காலின் சாம்பல் நிழல் கரைந்து, மடிப்பின் கறுப்பு இரண்டு விரல் கீழே இறங்கியது. மாஸ்டர் ஒன்றும் சொல்லவில்லை. தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். என் போனில் எடுத்த படம்தான் மிச்சம்.

ஒன்பது முதல் பன்னிரண்டு வரை

ஏறுமுகமாகவே போகவில்லை. ஒன்பதாம், பத்தாம் வாரங்களில் முகமும் விரல்களும் பழைய கம்பிக்கே போயின. காரணம் தெரிந்ததுதான். கண், மூக்கு, விரல் எல்லாம் அவருக்கு மனப்பாடம். மனப்பாடமானதை அவர் பார்ப்பதில்லை, எழுதிவிடுகிறார். முகத்தை விட்டுவிட்டுத் தலையை ஒரு முட்டையாகவே நிறுத்துங்கள், கழுத்தோடு அது சேரும் கோணம் மட்டும் போதும் என்று முடிவு செய்தேன். வகுப்பில் ஒருவர் இதை ஒத்துக்கொள்ளவில்லை. முகத்தை ஒதுக்கினால் பயம் அங்கேயே தங்கிவிடும் என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. எனக்குச் சில வாரம்தான் மிச்சம் இருந்தது, அதனால் உடம்பைப் பிடித்துக்கொண்டேன்.

பன்னிரண்டாம் வாரம் அதே சோதனை, அதே இரண்டு நண்பர்கள், 20 புதிய படங்கள். எந்தக் கால் என்று இருவரும் தயங்காமல் சரியாகச் சொன்னது 15 படத்துக்கு. மீதி ஐந்தில் மூன்று, வேட்டியின் கொசுவத்தில் மாஸ்டர் மயங்கிப்போன படங்கள். துணியைக் கண்டால் அவருக்குள் இருக்கும் கொடி வேலைக்காரர் எழுந்துவிடுகிறார்.

இப்போது

பள்ளியில் அவர் இன்னும் அதே சுத்தமான கோட்டைத்தான் சொல்லிக்கொடுக்கிறார். கேட்டேன். "மார்க் போடறது நான் இல்லையே சார்" என்றார். சரிதான். ஒன்பதாம் வகுப்புக்கு மட்டும் வாரம் ஒரு பீரியட் கரி வைத்திருக்கிறார். கடைக் கரி விலை கட்டாது என்று புளியங்குச்சியை மூடித் துளையிட்ட ஒரு டப்பாவில் போட்டு அவரே சுடுகிறார். ஸ்ரீகாளஹஸ்தி கலம்காரிக்காரர்கள் துணியில் முதல் கோடு போடுவது இந்தப் புளியங்குச்சிக் கரியால்தான். ஒரு கட்டு எனக்கும் கொண்டுவந்து கொடுத்தார். நாலு குச்சி சரியாக வேகவில்லை, பழுப்பாகக் கீறுகிறது. மீதி நன்றாக இருக்கிறது.

மாற்றிச் செய்ய வேண்டியவை

வேகப் போஸ்களை இனி தொடக்கத்தில் வைக்கப்போவதில்லை. பாரம் எங்கே என்று உடம்பால் தெரிந்தபின் ஒரு நிமிஷப் போஸ் வைத்தால் பயன் இருக்கிறது. அதற்கு முன்னால் வைத்தால் அவரவர் பழைய வித்தையைத்தான் அவசரமாகச் செய்கிறார்கள். "எந்தக் கால்" கேள்வியை நான்காம் வாரம் வீட்டில் தற்செயலாகக் கேட்டேன். இப்போது முதல் வாரமே வகுப்பில் எல்லோர் முன்னாலும் கேட்கிறேன்.

கம்ப்ரெஸ்ட் சார்க்கோல் பத்து வாரம் கழித்துத்தான். ஸ்பிரே அடிப்பதானால் தாளைத் தரையில் படுக்கவைத்து, ஒரு கை நீளம் தள்ளி, மெல்லிசாக இரண்டு மூன்று முறை, அதுவும் முதலில் ஒரு வீண் தாளில்.

பெரியவருக்கு 12 வாரமும் நிற்பதற்கான கூலிதான் கொடுத்தேன். ஐந்தாம் வாரம் அவர் செய்தது பாடம் நடத்துகிற வேலை. இது எனக்கு ரொம்பத் தாமதமாகத்தான் உறைத்தது. அடுத்த குழுவின் முதல் ஞாயிறுக்கு அதற்கென்று தனியாகப் பேசிக் கொடுத்திருக்கிறேன். "சிப்பம் 25 வேணாம், பொம்பளைப் புள்ளைங்களும் வருது, பத்து கிலோ போதும், கால் எங்கன்னு அதுலயே தெரிஞ்சிடும்" என்று சொல்லியிருக்கிறார்.